நாடிக்கு வாரு, நாக்குக்குப் பூட்டு

ஏ மக்கா, இங்கிண வா. சைக்கிளை அந்தப் பிலா மூட்டில சாத்தி வச்சிட்டு இந்த பெஞ்சில இரி. சாயாவுக்குச் சொல்லியாச்சு. வாழைக்காப்பம் இப்பந்தான் எண்ணெயில இருந்து எடுத்தான், சூடு ஆறதுக்குள்ள ஒண்ணு கடி. நாகர்கோயில்ல இருந்தா சவுட்டி வாற? நாப்பது கிலோமீட்டருக்கு மேல வரும்லா. குலசேகரம் தாண்டினா ஏத்தமும் வளைவும் தானே. கொள்ளாம், கொள்ளாம். உனக்க வயசில நாங்களும் இதே ரோட்டில மரச்சீனிச் சாக்கைப் பின்னால கெட்டி வச்சிட்டு சவுட்டினவங்கதான். ஆனா ஒருத்தனும் எங்களை நிறுத்தி போட்டோ எடுக்கல்ல. அது வயத்துப்பாடு, இது உடற்பயிற்சி. இருக்கட்டு.

இப்பம் நடந்த சங்கதிக்கு வாறேன். ரப்பர் பால் வெட்டிட்டு ஸ்கூட்டர்ல வந்த அந்தப் பிள்ளையைப் பாத்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னுகிட்டு, "அக்கா, வாரை மாட்டுங்க! இப்படிப் போட்டா போடாததுக்குச் சமம்!"ண்ணு ஒரு கூவு கூவினியே. சாயாக்கடையில உள்ள அத்தனை பேரும் திரும்பிப் பாத்தான். நீ சொன்னதில ஒரு எழுத்து தப்பு கிடையாது. ஆனா அவ என்ன செய்தா? உன்னை மேலயும் கீழயும் ஒரு பார்வை பாத்தா. ஹெல்மெட்டைக் கழட்டினா. சீட்டைத் தொறந்து உள்ள போட்டு மூடினா. போயிட்டா. முன்ன அரை ஹெல்மெட்டாவது தலையில இருந்தது. உனக்க புண்ணியத்தில அதுவும் பெட்டிக்குள்ள போச்சு. பிள்ளையார் பிடிக்கப் போயி குரங்கா முடிஞ்சுதுண்ணு இதைத்தான் சொல்லது.

தேச்சியப்படாத மக்கா. உன்னை மட்டும் குறை சொல்லல்ல. எங்க ஊருக்கு அதுக்கு நேரே எதிரான ஒரு சீக்கு உண்டும். அன்னா தெரியுதே, இந்தப் பேச்சிப்பாறை அணை. மூலம் திருநாள் மகாராஜா காலத்தில 1897-ல தொடங்கி 1906-ல முடிச்சது. முன்ன நின்னு கட்டின இஞ்சினியர் மிஞ்சின் துரை. அவருக்க கல்லறை இங்கதான் அணைக்குப் பக்கத்தில கெடக்கு. நம்ம ஆளுக அவருக்கு என்ன பேரு வச்சான் தெரியுமா? மூக்கன் துரை. துரைக்கு நேரே நின்னு மூக்கைப் பத்திப் பேச ஒருத்தனுக்காவது தைரியம் இருந்திருக்கும்ணு நினைக்கியா? முதுகுக்குப் பின்னால சொன்னது. நூறு வருசம் கழிஞ்சும் அந்தப் பேரு போகல்ல. நாங்க அப்படியாக்கும். குறையை ஆளு முன்னால சொல்லமாட்டோம், ஆளு போன பொறவு ஊரு முழுக்கச் சொல்லுவோம். ஒருத்தன் ஹெல்மெட்டை முழங்கையில மாட்டிட்டுப் போறதைப் பாத்து சிரிப்போம், பேரு வைப்போம், நாளைக்கு அவனுக்கு ஒண்ணு ஆச்சுண்ணா, "எனக்கு அப்பமே தெரியும்"ண்ணு துஷ்டி வீட்டில போயி சொல்லுவோம். நீ கூவது ஒரு பாவம்ணா, நாங்க கமுக்கமா இருக்கது ஒம்பது பாவம்.

அதை விடு. உனக்க ஹெல்மெட்டை ஒண்ணு கையில தா. எனக்குப் பாக்க ஆசை. அம்மாடி, என்ன லேசு! ஓட்டை ஓட்டையா இருக்கது காத்து போவதுக்கா? நல்லதாச்சு. இந்தத் திருகு பின்னால வரணுமா? அப்பம் கூரா இருக்கது முன்னால. செரி, போட்டுக் காட்டு. எனக்க பேரனுக்கு வாங்கினப்பம் பெட்டிக்குள்ள ஒரு தாள் இருந்தது, அதில படம் வரைஞ்சிருந்தான். புருவத்துக்கு மேல ரெண்டு விரல் இடம், அதுக்கு மேல ஹெல்மெட்டுக்க விளிம்பு. உனக்கு எத்தனை விரல் வருதுண்ணு வச்சுப் பாரு. நாலா? ஒண்ணுமில்ல மக்கா, உனக்கு நெத்தி பெருசு, அறிவாளிக்க லட்சணம். கொஞ்சம் முன்னால இழு. இன்னும் கொஞ்சம். ஆ... நெத்தி இப்பம் சரியான அளவுக்கு வந்தாச்சு.

அந்தத் திருகை ஒண்ணு சுத்து. தலையை இடமும் வலமும் ஆட்டு. தலை ஆடும்போ ஹெல்மெட்டும் கூட ஆடணும், தனியா ஆடப்பிடாது. காதுக்கு முன்னால ஒரு வாரு, பின்னால ஒரு வாரு. ரெண்டும் காதுமடலுக்குத் தொட்டுக் கீழ வந்து கூடணும். உனக்கு எங்க கூடுது? கழுத்துக்க கிட்ட. மேல ஏத்து. இனி நாடிக்க கீழ மாட்டு. 'டக்'ண்ணு ஒரு சத்தம் கேட்டுதா? அந்தச் சத்தம் கேக்காத வரைக்கும் அது ஹெல்மெட்டே இல்ல, வெறும் தொப்பி. வாருக்கும் நாடிக்கும் நடுவில ஒரு விரல் நுழையணும், கூடிப்போனா ரெண்டு. இப்பம் வாயை நல்லா 'ஆ'ண்ணு தொற. ஹெல்மெட் உச்சியில அமுங்குதா? அமுங்கினா அளவு சரி. இனி வாயை மூடு, ஈ போயிரும்.

இப்பம் ஒண்ணு கேக்கேன். நீ கன்னியாகுமரி ஜில்லாவில பாதியைத் தாண்டி, நெத்தியைத் தொறந்து வச்சிட்டு வந்திருக்க. முன் சக்கரம் ஒரு குழியில இறங்கி நீ தூக்கி எறியப்பட்டா முதல்ல எது தரையில முட்டும்? நெத்தி. உச்சிமண்டை அல்ல. அந்த ஹெல்மெட்டோட நின்னுதான் நீ அவளுக்குப் புத்தி சொன்ன. நானும் பெஞ்சில இருந்தே, "ஏலே, ஊருக்குத்தான் உபதேசமா?"ண்ணு ஒரு கூவு கூவியிருந்தா? நீ இப்பம் திற்பரப்புப் பக்கம் போயிருப்ப, வாழைக்காப்பமும் பாழாப் போயிருக்கும். நான் என்ன செய்தேன்? பக்கத்தில இருத்தினேன், சாயா வாங்கித் தந்தேன், உனக்க ஹெல்மெட்டைப் பாக்க ஆசைண்ணு சொன்னேன், குத்தத்தை எல்லாம் உனக்க நெத்திக்க தலையில கெட்டினேன். உனக்க கை தன்னாலே போயி சரியாக்கிச்சு. பாத்துக்கோ, அதாக்கும் சூட்சுமம்.

ஹெல்மெட்டுக்க உள்ள வெள்ளையா இருக்கது தெர்மோகோல் வகையாக்கும். அது எதுக்கு? நசுங்கதுக்கு. அடி விழும்போ அது நசுங்கி, மண்டைக்குள்ள போகவேண்டிய அதிர்ச்சியில நல்ல பங்கைத் தானே வாங்கிக்கிடும். ஒருக்கா நசுங்கினது திரும்ப எழும்பாது. அதனால பலமா ஒரு விழுச்சை விழுந்தா, வெளிய கீறல் இல்லேண்ணாலும் அந்த ஹெல்மெட்டை மாத்தணும். நம்ம ஆளு என்ன செய்வான்? "ராசியான ஹெல்மெட்டு, எனக்க உசிரைக் காப்பாத்தினது"ண்ணு சொல்லி மச்சினனுக்குக் குடுப்பான். மச்சினன் மேல அவ்வளவு பாசம். அது அதுக்க வேலையை முடிச்சுப் பென்சன் வாங்கியாச்சுண்ணு அவனுக்குத் தெரியாது, அல்லது தெரிஞ்சும் குடுக்கானோ என்னவோ.

இன்னொண்ணு, பிள்ளைகளுக்கு வாங்கும்போ நடக்கும். பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கும்போ, "வளர்ற பிள்ளைதானே, ரெண்டு இஞ்சு கூட்டித் தை"ண்ணு டெய்லர்கிட்ட சொல்லுவோம்லா? அதே பழக்கத்தில ஹெல்மெட்டும் ரெண்டு சைஸ் பெருசா வாங்குவான். பிள்ளை வளரதுக்கு முன்ன ஹெல்மெட் கண்ணு வரைக்கும் இறங்கி, ரோடு தெரியாம மதகுல போயி முட்டும். புருவத்துக்கு மேல டேப்பைச் சுத்தித் தலையை அளந்து, அந்த செண்டிமீட்டருக்கு உள்ளதை வாங்கணும். மண்டைக்கு வளர்த்தி சேத்து வாங்க முடியாது மக்கா.

சைக்கிள்காரன் ஹெல்மெட் போடணும்ணு நம்ம நாட்டில சட்டம் கிடையாது. 1988-ஆம் வருசத்து மோட்டார் வாகனச் சட்டம், 129-ஆம் பிரிவு, அது இஞ்சின் வச்ச ரெண்டு சக்கர வண்டிக்கு. ஓட்டுறவனும் போடணும், பின்னால இருக்கவனும் போடணும். அந்தச் சட்டத்தை எழுதினவன் கெட்டிக்காரன். ஹெல்மெட்டுண்ணா என்னாண்ணு விளக்கம் சொல்லும்போ, வாரு வச்சுத் தலையோட இறுக்கிக் கெட்டியிருக்கணும்ணு சேத்து எழுதிட்டான். அப்பம் வாரு மாட்டாத ஹெல்மெட்டு சட்டத்துக்க கண்ணில ஹெல்மெட்டே கிடையாது. நீ அந்தப் பிள்ளைகிட்ட கூவினது அச்சு அசல் சட்டமாக்கும். ஆனா சட்டத்துக்குக் காக்கிச்சட்டை இருக்கு, உனக்கு அரை டிரவுசர்தான் இருக்கு. அந்த வித்தியாசத்தை மறக்கப்பிடாது.

2015 ஜூலை 1-ஆந்தேதி ஞாபகம் இருக்கா? சென்னை ஹைகோர்ட்டு உத்தரவு போட்டு தமிழ்நாடு முழுக்க ஹெல்மெட் கட்டாயம்ணு வந்த நாளு. அதுக்கு முந்தின வாரம் கடைகள்ல ஹெல்மெட் தட்டுப்பாடு. தலை எல்லாருக்கும் முன்னமே உண்டும், ஆனா அந்த வாரந்தான் கண்டுபிடிச்சான். 2022 அக்டோபர்ல அபராதத்தை நூறில இருந்து ஆயிரமாக் கூட்டினான். அப்பமும் கொஞ்ச நாளு எல்லாருக்க தலையிலயும் ஹெல்மெட் ஏறிச்சு. தலைக்கு வெலை இல்ல, ஆயிரம் ரூவாய்க்கு வெலை உண்டும். சட்டத்தில தலைப்பாகை கட்டின சீக்கியருக்கு விலக்கு இருக்குண்ணு கேள்விப்பட்டு, தோளில கெடந்த துண்டை எடுத்து உருமா கெட்டிட்டு, "நானும் தலைப்பாகைதான் சாரே"ண்ணு வாதாடினவனும் நம்ம ஜில்லாக்காரன்தான். தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுண்ணு பழமொழி சொல்லுவோம். ஆனா தலைப்பாகை தலையில இருந்தால்லா அதோட போவும்? ஹெல்மெட்டு பெட்ரோல் டேங்குக்க மேல இருந்தா, தலைக்கு வந்தது தலைக்கேதான் வரும்.

கொச்சுப் பிள்ளைகளுக்கும் 2022-ல ஒரு விதி வந்துட்டு. ஒம்பது மாசத்தில இருந்து நாலு வயசு வரை உள்ள பிள்ளையை பைக்கில கொண்டுபோனா, பிள்ளையை ஓட்டுறவனோட சேத்துக் கெட்டுற வாரு வேணும், தலையில ஹெல்மெட் வேணும். நீ போட்டிருக்கியே, இந்த சைக்கிள் ஹெல்மெட் வகை, அது பிள்ளைக்குப் போதும்ணு விதியிலயே இருக்கு. வேகம் நாப்பதுக்கு மேல போகப்பிடாது. ஞாயிற்றுக்கிழமை காலத்த கோயிலுக்குப் போற கூட்டத்தைப் பாரு. அப்பன் தலையில ஹெல்மெட், அம்மை தலையில முக்காடு, முன்னால நிக்க மூத்தவனுக்கு ஒண்ணும் இல்ல, நடுவில இருக்க செறுசுக்கு ஒண்ணும் இல்ல. குடும்பத்தில சம்பாதிக்க மண்டை ஒண்ணுதாண்ணு கணக்கு. ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு கவருமெண்டு சைக்கிள் சும்மா குடுக்கு. நல்ல காரியம். ஹெல்மெட்டு அதோட வாறதில்ல, அதை நாமதான் வாங்கணும். "இலவசமா வந்த சைக்கிளுக்குக் காசு குடுத்து ஹெல்மெட்டா?"ண்ணு கேக்க அப்பனைப் பாத்திருக்கேன். சைக்கிள் இலவசம்தான் அய்யா, பிள்ளை இலவசமா?

இது வெள்ளைக்காரனுக்க பழக்கம்ணு சொல்லுவான் சில பேரு. வெள்ளைக்காரனும் பட்டுத்தான் படிச்சான். லாரன்ஸ்ணு ஒரு துரை. அரேபியாவில ஒட்டகத்தில ஏறி துருக்கிக்காரனோட சண்டை போட்டவர். அங்க உசிருக்கு ஒண்ணும் ஆகல்ல. 1935 மே மாசம் சொந்த நாட்டில, வீட்டுக்குப் பக்கத்து ரோட்டில, சைக்கிள்ல வந்த ரெண்டு பையன்களுக்கு ஒதுங்கப் போயி மோட்டார் சைக்கிளோட மறிஞ்சு விழுந்தார். தலையில ஒண்ணும் இல்ல. ஆறு நாளு நினைவில்லாம கெடந்து செத்தார். பாத்த டாக்டர்மார்ல ஒருத்தர் ஹியூ கெய்ர்ன்ஸ்ணு மண்டை ஆப்பரேசன் செய்யக்கூடியவர். அவருக்கு மனசு கேக்கல்ல. பட்டாளத்தில மோட்டார் சைக்கிள்ல தபால் கொண்டுபோற ஆளுகளுக்க மண்டைக்காயத்தை எல்லாம் கணக்கெடுத்து 1941-ல எழுதினார். பட்டாளக்காரனுக்கு அந்த வருசமே ஹெல்மெட் கட்டாயமாச்சு. ஊருக்காரனுக்குக் கட்டாயமாக இங்கிலாந்துக்கு 1973 வரைக்கும் ஆச்சு. நம்ம ஆளு மெதுவாத்தான் திருந்துவாண்ணு நீ துள்ளுதியே, துரைமாருக்கே அத்தனை வருசம் எடுத்திருக்கு.

சைக்கிளுக்கும் அதே கதைதான். பந்தயக்காரங்க, "வெயில்ல வேர்க்கும், கனக்கும்"ண்ணு சொல்லி வெறுந்தலையோட சவுட்டினான். 2003 மார்ச்சில பிரான்சில பாரிஸ்-நீஸ் பந்தயத்தில கிவிலெவ்ணு ஒரு கசாக்குக்காரன் விழுந்து மண்டை அடிபட்டுச் செத்தான். அதே வருசம் பந்தயத்தில ஹெல்மெட் கட்டாயமாச்சு. ஆஸ்திரேலியாவில விக்டோரியாக்காரன் அதுக்கு முன்னமே, 1990-ல, சைக்கிள்ல ஏறினா எல்லாரும் போடணும்ணு உலகத்தில முதல்ல சட்டம் போட்டான். ஹாலந்துக்காரன் போடமாட்டானேண்ணு நீ வாதாடுவ. எனக்க பேரனும் வாதாடினான். ஹாலந்தில சைக்கிளுக்குத் தனி ரோடு உண்டும் மக்கா. இங்க ரப்பர் தடி ஏத்தின லாரி, கவருமெண்டு பஸ்ஸு, ஆட்டோ, மாடு, நீ, எல்லாருக்கும் ஒரே ரோடு. அதிலயும் ரப்பர் இலை உதிந்து ஈரத்தில ஊறிக் கெடந்தா, பிரேக்கு பிடிக்க இடத்தில சக்கரம் நிக்காது.

பைக்குக்காரனுக்கு ஹெல்மெட் எவ்வளவு உதவும்ணு உலகம் பூராவும் நடந்த ஆராய்ச்சிகளைச் சேத்து 2008-ல ஒரு கணக்குப் போட்டிருக்கான். சாவு 42 சதமானம் கொறையும், மண்டைக்காயம் 69 சதமானம் கொறையும். பேரன்தான் வாசிச்சுச் சொன்னான். பாக்கி சதமானத்துக்கு பிரேக்கும் புத்தியும் காவல். ஹெல்மெட் போட்டாச்சுண்ணு வளைவில பஸ்ஸை முந்தப் போறவனுக்கு அந்தக் கணக்கு செல்லாது.

இனி நம்ம ஊரு ஹெல்மெட்டுக்காரங்களைக் கொஞ்சம் பாரு. இங்க இருந்தே காட்டுகேன். அன்னா போறானே, அவனுக்க ஹெல்மெட்டு முழங்கையில. மண்டை விழுந்தா பரவாயில்ல, முட்டி உடையப்பிடாது. அவனுக்குப் பின்னால வாறவன் கண்ணாடிக் கொம்பில மாட்டியிருக்கான். குலசேகரம் முக்கில காக்கிச்சட்டையைக் கண்டா தலைக்கு ஏத்துவான், அது தாண்டினா இறக்குவான். எதிர வாறவனுக்கு லைட்டடிச்சு, "சார் நிக்காரு"ண்ணு சைகை காட்டுவான். எவ்வளவு பரோபகாரம் பாரு! அந்த அக்கறையில கால்வாசி சொந்த மண்டைக்கு இருந்தா நூறு வயசு இருப்பான். மூணாமத்தவன் போட்டிருக்கது கட்டட வேலைக்காரன் போடுற பிளாஸ்டிக் தொப்பி. மேல இருந்து செங்கல் விழுந்தா தாங்கும், இவன் செங்கல் மேல விழுந்தா தாங்காது.

காலத்த நாலு மணிக்கு பால் வெட்டப் போற ஆளைப் பாரு. நெத்தியில வெளக்கைக் கெட்டி, அதுக்க மேல ஹெல்மெட்டைக் கவுத்தியிருப்பான். வெளக்கு இடிக்கதினால ஹெல்மெட் பின்னால சாஞ்சு நிக்கும். வெளக்கைப் பையில வச்சா என்னாண்ணு கேட்டா, "தோட்டத்தில போயி திரும்பக் கெட்டணும்லா"ண்ணு சொல்லுவான். நீ கூவினியே, அந்தப் பிள்ளைக்கு என்ன பிரச்சினை தெரியுமா? அவளுக்குக் கொண்டை. உச்சிக்குப் பக்கத்தில அள்ளி முடிஞ்சிருப்பா. மரம் மரமாக் குனிஞ்சு நிமிரும்போ முடி முன்னால விழப்பிடாது. கொண்டைக்க மேல ஹெல்மெட் ஏறி நின்னா வாரு நாடிக்கு எட்டாது. வாரு மாட்டாததுக்குக் காரணம் திமிரில்ல, கொண்டை. நீ விசாரிச்சியா? குத்தம் சொல்லதுக்கு முன்ன காரணம் கேக்கணும். வண்டியில ஏறும்போ முடியைப் பிடரிக்குத் தாழ இறக்கிக் கெட்டினா ஹெல்மெட் அடங்கும். அதை அவகிட்ட ஒரு பெண்ணு சொன்னா எடுபடும். நீ சொன்னா, "எனக்க கொண்டையை எதுக்குலே பாத்த?"ண்ணு கேப்பா. அதுக்கு உனக்கிட்ட பதில் உண்டுமா?

ஆளுக்குப் புத்தி சொல்லது ரப்பர் வெட்டாக்கும். எனக்குத் தெரிஞ்ச தொழில் அது ஒண்ணுதான், அதை வச்சே சொல்லுகேன். கத்தி பட்டையை மட்டும் சீவணும். கொஞ்சம் ஆழமாப் போயி தடியில தட்டிச்சுண்ணா மூடு புண்ணாகும், அந்த இடத்தில முண்டு விழும், பொறவு வருசக்கணக்கில அங்க கத்தி ஓடாது. வெளுக்கதுக்கு முன்ன வெட்டினா பால் ஓடும், வெயில் ஏறின பொறவு வெட்டினா நின்னு போவும். மழையில வெட்டினா பால் சிரட்டைக்கு வராது, பட்டை வழியே ஒழுகிப் போவும். ஒரு நாள் வெட்டினா மறுநாள் மூட்டைச் சும்மா விடணும். இது அத்தனையும் மனுசனுக்கும் பொருந்தும். மேலாகச் சொல்லு, நேரம் பாத்துச் சொல்லு, அவன் கலங்கி நிக்கும்போ சொல்லாத, தினமும் சொல்லாத.

இனி ஆளு ஆளாச் சொல்லுகேன், கேட்டுக்கோ.

ஓடுற வண்டிக்காரனுக்குப் புத்தி சொல்லவே சொல்லாத. பின்னாலயே விரட்டிட்டுப் போயி, "அண்ணே, வாரு!"ண்ணு கூவினா அவன் என்னாண்ணு திரும்பிப் பாப்பான். அவன் ஒரு ஓடையில, நீ ஒரு ஓடையில. நிறுத்தின பொறவு, சாவியை எடுத்த பொறவு பேசு.

தாய்மாமனுக்கு நேரே குத்தம் சொல்லாத. "மாமா, நல்ல ஹெல்மெட்டு, நல்ல வெலையா இருக்கும். வாரை மட்டும் கம்பெனிக்காரன் நீளமா விட்டுட்டான், நான் கொறச்சுத் தரட்டா?"ண்ணு கேளு. தப்பு கம்பெனிக்கு, மரியாதை மாமாவுக்கு, வாரு நாடிக்கு. ஆருக்கும் நட்டமில்ல.

வாத்தியாரைக் கண்டா சந்தேகமாக் கேளு. "சாரே, புருவத்துக்கு மேல ரெண்டு விரல்ணு சொல்லுகானே, அது சரிதானா?"ண்ணு. சார் விரலை வச்சு அளந்து காட்டுவார். அளக்கும்போ அவருக்கே தெரியும். பொறவு பள்ளிக்கூடத்தில பிள்ளைகளுக்கும் சொல்லுவார், தானே கண்டுபிடிச்சதாச் சொல்லுவார். சொல்லட்டும், உனக்கு என்ன கேடு?

மருமவன்கிட்ட மாமனார் ஹெல்மெட் பத்திப் பேசப்பிடாது. அது சீதனத்தில போயி முடியும். பேரனுக்கு ஒரு ஹெல்மெட் வாங்கிக் குடு, வாரு மாட்டப் படிச்சுக் குடு. "அப்பா, நீங்க டக்கு போடல்லியே"ண்ணு அவன் கேப்பான். அந்தக் கேள்விக்கு உலகத்தில ஒரு அப்பனுக்கிட்டயும் பதில் கிடையாது.

பெண்ணுகள்கிட்ட வாயைத் தொறக்காத. பக்கத்தில உனக்க வண்டியை நிறுத்தி, உனக்க வாரை எடுத்து நிதானமா மாட்டு. 'டக்'ண்ணு சத்தம் கேக்கணும். பேச்சைக் காட்டிலும் அந்தச் சத்தத்துக்கு மதிப்பு கூடுதல். வேற ஒருத்தருக்க தலையிலயோ நாடியிலயோ கை வைக்காத, பிள்ளைகளாட்டு இருந்தாலும் அம்மைகிட்ட கேட்டுட்டு வை.

பெண்டாட்டி முன்னால புருசனைத் திருத்தாத. வீட்டுக்குப் போயி நடக்க சண்டைக்கு நீ பொறுப்பு. கூட்டாளிமாருக்க முன்னாலயும் திருத்தாத. அவன் வீம்புக்கு ஹெல்மெட்டை ஆத்தில எறிவான். குடிச்சவன்கிட்ட வாரைப் பத்திப் பேசவே பேசாத, சாவியை வாங்கு. அதுக்க பொறவு ஹெல்மெட் தேவைப்படாது. காக்கிச்சட்டைக்காரர் வெறுந்தலையோட போறதைக் கண்டா? சாயா ஆறது, நீ சாயாவைக் குடி. அவருக்குச் சொல்ல அவருக்கு மேல அய்யா இருக்காரு.

ஒரு நேரத்தில ஒண்ணு மட்டும் சொல்லு. வாரு தப்பு, சாய்வு தப்பு, சைஸ் தப்பு, ஐ.எஸ்.ஐ. முத்திரை போலிண்ணு ஒரே மூச்சில அடுக்கினா, "அப்பம் எனக்க தலையும் தப்பா?"ண்ணு கேப்பான். வாரில இருந்து தொடங்கு. வாரு சரியானா மத்தது பைய பைய வரும். ஒருக்கா சொல்லி எடுபடல்லேண்ணா விட்டிரு. ரெண்டாவது தடவை வேற ஆளு சொல்லட்டும்.

இனி ஒண்ணு, இதில நையாண்டி இல்ல. விழுந்து கெடக்கவனைச் சுத்தி நின்னு, "ஹெல்மெட் போட்டிருந்தா இப்படி ஆகுமா?"ண்ணு கேக்காத. அவன் தலையில ஹெல்மெட் இருந்தா அதைப் பிடிச்சு இழுக்கவும் செய்யாத, கழுத்தில அடி இருந்தா அது இன்னும் கேடாகும். மூச்சு விடுகானாண்ணு பாரு, 108-ஐக் கூப்பிடு. துஷ்டி வீட்டிலயும் வாயைத் தொறக்காத. அந்த அம்மைக்கு அது தெரியாமலா இருக்கு? அதைச் சொல்லவேண்டிய நாளு அவன் சாவியைக் கையில எடுத்த அந்தக் காலம்பற. அப்பம் நீயும் நானும் பேரு வச்சுச் சிரிச்சிட்டு நின்னோம்.

உனக்கும் ஒருத்தன் ஒரு நாள் வந்து சொல்லுவான். உன்னைவிட எளியவனா இருப்பான், வயசில இளையவனா இருப்பான். "எனக்குத் தெரியும்"ண்ணு சொல்லாத. "நல்லது"ண்ணு சொல்லி அந்த இடத்திலயே சரியாக்கு. புத்தி சொல்லத் தெரிஞ்சவன் ஊருக்கு நூறு பேரு உண்டும், புத்தி கேக்கத் தெரிஞ்சவனைத் தேடிக் கண்டுபிடிக்கணும்.

அதனால மக்கா, புருவத்துக்கு மேல ரெண்டு விரல், காதுக்குக் கீழ வாரு கூடணும், நாடிக்குக் கீழ ஒரு விரல். இந்த மூணையும் முதல்ல சொந்தத் தலையில பாரு, பொறவு வீட்டில உள்ள தலைகள்ல பாரு, கடைசியில ஊருத் தலைக்கு வா. சைக்கிள்காரனை நிறுத்திக் கேக்க சட்டமும் இல்ல, சாரும் இல்ல, அதனால நாமளே நம்மைக் கேட்டுக்கிடணும். சொல்லதுக்கு எனக்க மாதிரி பாட்டாமாரு எத்தனையோ பேரு கெடைப்பான். கேக்கதுக்கு உனக்கு மண்டை ஒண்ணுதான் உண்டும்.